இசை மென்பொருளில் பஃபரையும் தாமதத்தையும் சரியாக அமைப்பது எப்படி?

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தியபின் ஒலி சற்றுப் பிந்தி வருவதும், பதிவின் நடுவே படபடவென்று ஒலி அறுபடுவதும் எதிரெதிரான தொல்லைகள் என்றாலும், இரண்டையும் பெரும்பாலும் ஒரே அமைப்புதான் தீர்மானிக்கிறது. அது ஆடியோ பஃபரின் அளவு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் ரீப்பர், ஆர்டர், பிட்விக் போன்ற மென்பொருள்களில் இந்த அமைப்பு வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு இடங்களில் இருந்தாலும், அடியில் நடப்பது ஒன்றே.

ஒலி அட்டை இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் கருவி. ஒரு தொகுதி சாம்பிள்களை (ஒலியை மிகச் சிறு இடைவெளிகளில் அளந்த எண்களை) ஒலிக்கத் தொடங்கும்போதே அடுத்த தொகுதியை மென்பொருளிடம் கேட்கும். அந்தத் தொகுதியின் அளவே பஃபர்: அது பெரிதானால் தாமதம் கூடும், சிறிதானால் ஒலி அறுபடும் வாய்ப்பு கூடும். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை சாம்பிள் என்பது) 48,000 ஹெர்ட்ஸ் எனில், 64 சாம்பிள் என்பது 1.33 மில்லிநொடி, 128 என்பது 2.67, 256 என்பது 5.33, 512 என்பது 10.67, 1024 என்பது 21.33 மில்லிநொடி. எல்லாத் தடங்களையும் எல்லா ப்ளகின்களையும் (மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் கருவிகளையும் விளைவுகளையும்) கணக்கிட்டு முடிக்க மென்பொருளுக்குக் கிடைக்கும் கெடு இவ்வளவுதான். ஒரே ஒரு முறை அந்தக் கெடு தவறினாலும் காதில் ‘டப்’ என்று விழும். பிராசசரின் சுமை 30 சதவீதம் என்று திரையில் தெரியும்போதே ஒலி அறுபடுவது ஏன் என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். திரையில் தெரிவது சராசரி. ஒலி அறுபடுவதோ மிக மோசமான ஒரு கணத்தால். ஆகவே சராசரிச் சுமையைக் குறைப்பதைவிட அந்த மோசமான கணத்தை உண்டாக்குவது எது என்று தேடுவதே பயன் தரும்.

எவ்வளவு தாமதம் பொறுக்கத்தக்கது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 10 மில்லிநொடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் ஒலிபெருக்கியைக் கேட்டபடி வாசிப்பதற்குச் சமம். மென்பொருள் கருவிகளை வாசிக்கும் பெரும்பாலோருக்கு இது இடைஞ்சலாக இராது. பாடகர்களின் நிலை வேறு: தம் குரலை எலும்பின் வழியாக உடனேயும் ஹெட்ஃபோன் வழியாகச் சற்றுப் பிந்தியும் கேட்பதால், சில மில்லிநொடித் தாமதம்கூட அவர்களுக்குக் குரலின் நிறத்தை மாற்றிக் காட்டும். முடிந்த பதிவுகளைக் கலக்கும் வேலைக்கோ தாமதம் ஒரு பொருட்டே அல்ல. அங்கே 1024 வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். பதிவுக்கு ஓர் அளவு, கலவைக்கு ஓர் அளவு என்று மாற்றிக்கொள்வதுதான் முறை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே எண்ணைத் தேடுவது வீண் வேலை.

சரியான டிரைவர் முதலில்

பஃபரில் கைவைக்கும் முன் மென்பொருள் எந்த டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) வழியாக ஒலி அட்டையோடு பேசுகிறது என்று பாருங்கள். விண்டோஸில் ஆடியோ இன்டர்ஃபேஸை, அதாவது மைக்கையும் இசைக்கருவிகளையும் கணினியோடு இணைக்கும் ஒலி அட்டையை, தயாரித்த நிறுவனமே தரும் ஏசியோ டிரைவர் இருந்தால் அதுவே முதல் தேர்வு. அதன் பஃபர் அளவைப் பெரும்பாலும் டிரைவரின் சொந்தக் கட்டுப்பாட்டுப் பலகத்தில்தான் மாற்ற வேண்டியிருக்கும். ஏசியோ இல்லையெனில் விண்டோஸிலேயே உள்ள வாசாபியின் எக்ஸ்குளூசிவ் முறை. அது இயங்குதளத்தின் மிக்சரைத் தாண்டி நேராகக் கருவியை அடைகிறது. எம்எம்இ, டைரக்ட்சவுண்ட் என்ற பழைய வழிகள் இரண்டையும் நேரலை வாசிப்புக்குத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

மேக்கில் கோர் ஆடியோ ஒன்றே வழி என்பதால் தேர்வுக்கு வேலை இல்லை. பஃபர் அளவை இசை மென்பொருளின் அமைப்புகளிலேயே மாற்றலாம். இரண்டு கருவிகளை இணைத்து அக்ரிகேட் டிவைஸ் உருவாக்குவோர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடிகாரம் இருப்பதால், ஒன்றை முதன்மைக் கடிகாரமாக வைத்து மற்றதற்குக் கடிகார விலகலைத் திருத்தும் டிரிஃப்ட் கரெக்‌ஷனை இயக்காவிட்டால் பஃபரை எவ்வளவு கூட்டினாலும் அவ்வப்போது ஒலி இடறும்.

லினக்ஸில்தான் அமைப்பதற்கு அதிகம் உண்டு. நிரல்களை ஒலி அட்டையோடு இணைக்கும் ஜாக் சர்வரில் இரண்டு எண்கள் வரும்: ஒரு பீரியடில் (ஒரு முறை கணக்கிடும் தொகுதியில்) எத்தனை ஃப்ரேம் (ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு சாம்பிள்), பஃபரில் எத்தனை பீரியட். இரண்டையும் பெருக்கிச் சாம்பிள் ரேட்டால் வகுத்தால் வெளியீட்டுத் தாமதம் கிடைக்கும். 48,000 ஹெர்ட்ஸில் 256 ஃப்ரேம், 2 பீரியட் எனில் 10.67 மில்லிநொடி, 3 பீரியட் எனில் 16 மில்லிநொடி. யுஎஸ்பி கருவிகளில் 2 பீரியட் இடறினால், ஃப்ரேமை இரட்டிப்பதற்கு முன் 3 பீரியட் வைத்துப் பார்ப்பது நல்லது. புதிய லினக்ஸ் விநியோகங்களில் உள்ள பைப்வயர் என்ற ஒலிச் சேவை இதே பீரியட் அளவைக் குவாண்டம் என்கிறது. அதன் இயல்பளவு 48,000 ஹெர்ட்ஸில் 1024; இணைந்துள்ள நிரல்களில் எது குறைந்த அளவைக் கேட்கிறதோ அதற்கேற்ப, அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள், தானே குறைத்துக்கொள்ளும். எந்த வழியானாலும் உங்கள் பயனர் கணக்குக்கு ரியல்டைம் முன்னுரிமையும் (ஒலி வேலையை மற்ற வேலைகளுக்கு முன் நடத்தும் உரிமை) நினைவகத்தைப் பூட்டும் அனுமதியும் வழங்கப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லாமல் பஃபரை மட்டும் குறைப்பதில் அர்த்தமில்லை.

கைபேசிகளில், குறிப்பாக ஐஓஎஸ்ஸில், நிரல் கேட்கும் பஃபர் அளவு ஒரு வேண்டுகோள் மட்டுமே. நீங்களே நிரல் எழுதுபவராயின், கேட்ட அளவை நம்பாமல் கிடைத்த அளவைத் திரும்பப் படித்து அதன்படி கணக்கிடுங்கள்.

அளவைக் கண்டறிதல்

சாம்பிள் ரேட்டை முதலில் முடிவு செய்து, இயங்குதளத்திலும் மென்பொருளிலும் ஒன்றாகவே வையுங்கள். அதை 96,000 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் 128 சாம்பிளின் நேரம் பாதியாகும் என்பது உண்மை. ஆனால் அதே நேரத்துக்குள் ஏறத்தாழ இரு மடங்கு சாம்பிள்களைக் கணக்கிட வேண்டியிருப்பதால் அது இலவசமாக வருவதல்ல.

பிறகு உங்கள் பாடல்களில் மிகக் கனமான ஒன்றைத் திறந்து, அதில் அதிகத் தடங்கள் ஒலிக்கும் பகுதியைச் சுழற்சியில் ஓடவிடுங்கள். வெற்றுப் பக்கத்தில் 32 சாம்பிள் ஓடுகிறது என்பது எதையும் நிரூபிக்காது. பதிவு செய்யவிருக்கும் தடத்தைப் பதிவு நிலையில் வைத்தே சோதியுங்கள்; ரீப்பர் போன்றவை மற்ற தடங்களின் விளைவுகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கக்கூடும், ஆனால் நேரலையில் கேட்கும் தடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. 256-இல் தொடங்கி 128, 64 என்று இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் சாளரங்களைத் திறந்து மூடி, ப்ளகின் பலகங்களை வரவழைத்து, எக்ஸ்ரன் (கெடு தவறிய தடவைகளின்) எண்ணிக்கையைக் காட்டும் மென்பொருளில் அதையும் பாருங்கள். இடறத் தொடங்கிய படிக்கு ஒன்று மேலே உள்ளதுதான் வீட்டுப் பதிவுக்கான அளவு. மேடையில் வாசிப்பதானால் இன்னும் ஒரு படி ஏறிக்கொள்வது என் பரிந்துரை. அங்கே ஒரு ‘டப்’ ஒலி, கூடுதலான மூன்று மில்லிநொடியைவிட மோசமானது.

512-இலும் இடறுகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் பஃபரில் இல்லை. மடிக்கணினியின் மின்சேமிப்பு முறை பிராசசரின் வேகத்தைத் தாழ்த்துகிறதா, வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் டிரைவர் நீண்ட நேரம் பிராசசரைப் பிடித்துவைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற கருவி அத்தகைய டிரைவரைப் பெயரோடு காட்டிவிடும். வைஃபையை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது எளிய சோதனை.

பஃபரைக் குறைத்தும் தாமதம் குறையாதபோது ப்ளகின்களைச் சந்தேகியுங்கள். ஒலியின் அதிர்வெண்களைச் சீரமைக்கும் லீனியர் ஃபேஸ் ஈக்வலைசரும், வரப்போகும் ஒலியை முன்கூட்டிப் பார்த்து உச்சத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரும் தமக்கென ஒரு தாமதத்தைச் சேர்ப்பவை. அதற்கும் பஃபருக்கும் தொடர்பே இல்லை. எல்லாத் தடங்களும் சேரும் மாஸ்டர் தடத்தில் அப்படி ஒன்று இருந்தால், பதிவு முடியும்வரை அதை நீக்கிவையுங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் அணிந்துகொண்டு இவற்றையெல்லாம் செய்வோரும் உண்டு. அதன் தாமதம் எந்தப் பஃபர் அமைப்புக்கும் கட்டுப்படாது. பாடகருக்கு இவற்றில் எதுவுமே போதவில்லையென்றால், இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டரிங்கை இயக்கி, மென்பொருளில் அந்தத் தடத்தின் மானிட்டரிங்கை நிறுத்திவிடுங்கள். குரல் கணினிக்குள் போய்வராமல் நேராகவே காதுக்குப் போகும்.

மென்பொருள் காட்டும் தாமதம் டிரைவர் சொல்லும் கணக்கே தவிர அளந்தது அல்ல. அனலாக்-டிஜிட்டல் மாற்றிகளும் யுஎஸ்பி பரிமாற்றமும் சேர்க்கும் நேரத்தைச் சில டிரைவர்கள் சொல்வதில்லை. அப்போது பதிவான தடம் மற்றவற்றோடு ஒட்டாமல் சற்று விலகியே நிற்கும். இன்டர்ஃபேஸின் வெளியீட்டை அதன் உள்ளீட்டோடு ஒரு கேபிளால் இணையுங்கள். டைரக்ட் மானிட்டரிங்கை நிறுத்தி, ஒலியளவையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிக் ஒலியை இயக்கி அதையே புதிய தடத்தில் பதிவு செய்து, இரண்டு அலைவடிவங்களின் தொடக்கங்களுக்கு இடையே எத்தனை சாம்பிள் விலகல் என்று பெரிதாக்கிப் பாருங்கள். மென்பொருள் தானாகச் செய்யும் ஈடுகட்டலுக்குப் பின்னும் மிஞ்சியது இது; இதை அமைப்புகளில் உள்ள பதிவுத் தாமதத் திருத்தப் பெட்டியில் இடுங்கள். கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும் என்பதால், இட்டபின் அதே கிளிக்கை மறுபடி பதிவு செய்து விலகல் பூஜ்யமாகிறதா என்று சரிபாருங்கள். கருவியையோ டிரைவரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் இந்த எண்ணை மீண்டும் அளக்க வேண்டும்.