ரத்தக்காட்டேரிக் காதல் நாவலின் முதல் வரைவைத் திருத்தும் முறை

பனிமூட்டமும் காப்பித் தோட்டமும் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவும் ஒரே மலையில் கிடைப்பதால், ரத்தக்காட்டேரி ஒருவனை இளம்பெண் காதலிக்கும் கதைக்கு ஏற்காடு நல்ல களம். ஆனால் களம் பொருந்தியும் இவ்வகை நாவல்கள் தளர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எழுதுபவர் தம் நாயகனிடம் மயங்கி, அவனுக்கு எல்லாச் சலுகைகளையும் வழங்கிவிடுகிறார். அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுவதே திருத்தம்.

முதலில் நாயகியைக் கவனியுங்கள். வரைவை அச்சிட்டு, அவள் தானாக முடிவெடுக்கும் வாக்கியங்களை மட்டும் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். அவள் வியப்பது, நடுங்குவது, தடுக்கி விழுவது, அவன் கண்களை எண்ணி உறங்காதிருப்பது ஆகியவை கணக்கில் சேரா. பல பக்கங்களுக்குச் சிவப்பே தென்படவில்லை என்றால், அவன் வருவதற்கு முன் அவளுக்கு என்ன தேவையாக இருந்தது என்பதை நீங்கள் எழுதவில்லை என்று பொருள். எடுத்துக்காட்டாக, அவள் தந்தை மேஸ்திரியாக இருக்கும் எஸ்டேட் விடுதிக்காரர்களுக்கு விலைபோகிறது என்றும், குடியிருப்பைக் காலி செய்யாமலிருக்க அவள் அலைகிறாள் என்றும் வைத்தால், காதல் அந்த அலைச்சலுக்குக் குறுக்கே வரும். அவளும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். ஸ்டெபனி மேயரின் ரத்தக்காட்டேரிக் காதல் நாவலான ‘ட்விலைட்’ 2005இல் வெளிவந்த பின், நாயகி பெல்லா எப்போதும் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே இருக்கிறாள் என்ற விமர்சனம் எழுந்தது. அதற்கு விடையாக மேயரே 2015இல் அக்கதையை ஆண், பெண் இடம் மாற்றி எழுதி வெளியிட்டார். இச்சோதனையை ஓர் அத்தியாயத்திற்கு மட்டும் நீங்களும் செய்துபார்க்கலாம். இடம் மாற்றியதும் எந்த வரி சிரிப்பூட்டுகிறதோ, அது மீண்டும் எழுதப்பட வேண்டிய வரி.

அதே நாவலில் நாயகன் எட்வர்டு, பெல்லா அறியாமல் இரவில் அவள் அறைக்குள் நுழைந்து அவள் உறங்குவதைப் பார்த்திருப்பான். உங்கள் வரைவிலும் அத்தகைய காட்சி இருந்தால், அழகையும் அமானுஷ்ய வலிமையையும் நீக்கிவிட்டு, சேலம் நான்கு ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் இளைஞன் அதைச் செய்வதாக எண்ணிப் பாருங்கள். வீட்டார் காவல் நிலையத்திற்குப் போவார்கள் என்று தோன்றினால், நாயகியும் அதே கோபத்தோடு அவனைக் கேட்கட்டும். அவன் பதில் சொல்லத் திணறட்டும். நாயகி பிளஸ் டூ மாணவியாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கொள்கிறது. நூறு வயதைக் கடந்தவனோடு அவளைச் சேர்ப்பதற்கு முன், அவளைக் கல்லூரி இறுதியாண்டுக்கு நகர்த்திவிடுங்கள்.

அந்த நூறு வயதும் பேச்சில் தெரிய வேண்டும். எட்வர்டு 1901இல் பிறந்து, 1918இல் பதினேழு வயதில் ரத்தக்காட்டேரியானவன். இருந்தும் பள்ளி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் நாயகனும் அக்காலம் முதல் சேர்வராயன் மலையில் திரிபவன் என்றால், 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதையும், மாடர்ன் தியேட்டர்ஸ் பல்லாண்டுகள் படமெடுத்து ஓய்ந்து, ஏற்காடு சாலையில் வளைவாக மட்டும் மிஞ்சி நிற்பதையும் அறிந்திருப்பான். தெரிந்தவர் அனைவரையும் சாகக் கொடுத்திருப்பான். இவற்றில் எதுவும் அவன் நினைவில் இல்லாவிட்டால் அந்த வயது வெறும் ஒப்பனை.

விதிகளை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய ‘டிராகுலா’ நாவலில் ரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபு பகலிலும் நடமாடுவார், ஆற்றல் மட்டும் குறைந்திருக்கும், வெயிலில் அழிந்துபோவது 1922இல் வந்த ‘நோஸ்பெராட்டு’ என்ற ஜெர்மன் ஊமைப்படத்திற்குப் பின் நிலைத்த வழக்கம், மேயரின் பாத்திரங்களோ வெயிலில் மின்னுகிறார்கள். எந்த விதியாயினும் அதற்கு அவன் விலை கொடுக்க வேண்டும். வெயிலுக்கு அஞ்சியே ஏற்காட்டுக்கு வந்தான் என்று எழுதிவிட்டு ஆண்டு முழுவதும் பனியைப் பொழிந்தால், சேலத்துக்காரர் எவரும் நம்பமாட்டார். காப்பி பூக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்கும் நல்ல வெயிலடிக்கும். அவனை அப்போது பங்களாவுக்குள் அடைத்துவையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே சேலத்தில், நண்பகலில், நாயகிக்கு அவன் உதவி தேவைப்படட்டும். தமிழ்நாட்டில் காட்டேரியம்மனுக்குப் படையலிடும் குடும்பங்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். கதையில் ஒரு பாட்டிகூட அதை நினைவுகூராவிட்டால், நாவல் இன்னும் ‘ட்விலைட்’ நடக்கும் அமெரிக்க ஊரான ஃபோர்க்ஸிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

அவன் யார் ரத்தத்தைக் குடிக்கிறான் என்பதை ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். பெயரில்லாத எஸ்டேட் தொழிலாளி ஒருவர் இறக்க, அடுத்த பக்கத்திலேயே முத்தக்காட்சி வருவதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது வேறில்லை. இறந்தவருக்குப் பெயரும் வீடும் கொடுங்கள்; துக்க வீட்டுக்கு நாயகியை அனுப்புங்கள்.

மற்றவை சிறு வேலைகள். வில்லன் கடைசிப் பகுதியில் திடீரென முளைத்தால், அவனைப் பற்றிய பேச்சையாவது தொடக்கத்திலேயே கொண்டுவாருங்கள். ‘பளிங்கு முகம்’ போன்ற வருணனைகளை முதல் சந்திப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு வரைவை மலையில் வாழும் ஒருவரிடமும், மாத நாவல்களை விடாமல் படிக்கும் ஒருவரிடமும் கொடுங்கள். கருத்துக் கேட்காமல், எந்தெந்தப் பக்கத்தில் கீழே வைத்தார்கள் என்று மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். அப்பக்கங்களில் நாயகன் தன் தனிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், அந்த வசனத்தைப் பாதியாக வெட்டிவிட்டு மீண்டும் கொடுங்கள்.