வன்னியில் சம்பள வேலையிலிருந்து சொந்தத் தொழிலுக்கு

இலங்கை 1977இல் திறந்த பொருளாதாரத்துக்கு மாறியபோதிலும், போராலும் பொருளாதாரத் தடையாலும் ஒதுங்கிக் கிடந்த வடபகுதி வன்னி அந்தச் சந்தையை முழுமையாக எதிர்கொண்டது 2009க்குப் பின்னர், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி வழியே வெளிப் பொருட்கள் தடையின்றி வந்திறங்கியபோதுதான். ஆகவே வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்க எண்ணும் தொழிலாளி, தமக்கு எது கைவரும் என்பதோடு, லொறியில் வரும் எந்த மலிவுப் பொருளோடு போட்டியிட இயலாது என்பதையும் முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் திருத்தும் வேலை ஊரிலேயே நடந்தாக வேண்டியது, சவர்க்காரமோ லொறியிலேயே மலிவாக வந்திறங்கிவிடும்.

அடுத்து, பன்னிரண்டு மாதங்களுக்கும் தனித்தனியே வரவு செலவு எழுதுங்கள். மாரிகால நெற்செய்கையான பெரும்போகத்தின் அறுவடை முடியும் மாசி, பங்குனியில் புழங்கும் பணம் ஆவணி வரட்சியில் இராது. வாராந்தம் தவணை கேட்கும் நுண்கடன், போகத்துக்கு ஒருமுறை வரும் வருமானத்தோடு ஒருபோதும் பொருந்தாது. அந்தக் கடனால் நகையையும் நிம்மதியையும் இழந்த பெண்களை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலுக்கு, வேலையை விடும்போது ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் சேர்ந்துள்ள தொகையைக் கோரலாம். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியோ பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான் முழுமையாகக் கிடைக்கும். தொழில் கொடுப்பவர் அதற்குச் செலுத்திவந்த, சம்பளத்தின் 12 சதவீதம் இனி நின்றுவிடுமாதலால், அதற்கு ஈடான சேமிப்பையும் மாதச் செலவுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வணிகப் பெயர்ப் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.