ட்ராப்பர் தள்ளாது: பாண்டோகிராப் மாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், பாம்பன் வழித்தடத்தை மனதில் வைத்து, ரயில் கூரைமேல் இருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராப்பும் 25 கிலோவோல்ட் மின்கம்பியும் சேர்ந்து அதிர்வதை மாடல் செய்து கொண்டுவந்து காட்டுகிறார்கள். அலகு மாறிப்போவது போன்ற பிழைகளை அவர்களே பிடித்துவிடுவார்கள், அதை விடுங்கள்.

ட்ராப்பரை ஸ்பிரிங்காக எழுதுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. மேலே கேட்டனரி கம்பி, கீழே பாண்டோகிராப் உரசும் தொடுகம்பி, இரண்டையும் இணைப்பவை ட்ராப்பர்கள். மண்டபம் கரையில் படகைக் கட்டிய கயிறு மாதிரிதான்: இழுக்கும், தள்ளாது. ஸ்பிரிங்காக எழுதினால், தொடுகம்பி மேலே எழும்பும்போது ட்ராப்பர் அதைக் கீழே அழுத்தும். உண்மையில் அந்த நேரம் அது தொய்ந்து சும்மா நிற்கிறது.

எப்போதாவது நடப்பதுதானே என்று நினைக்காதீர்கள். 107 சதுர மி.மீ. செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.95 கிலோ, ட்ராப்பர்களுக்கு இடையே 9 மீட்டர் என்றால் ஒன்று தாங்குவது கிட்டத்தட்ட 84 நியூட்டன். பாண்டோகிராப்போ ரயில் நிற்கும்போதே 70 நியூட்டன் அளவில் மேலே தள்ளுகிறது, ஓடும்போது கம்பியின் அலையும் காற்றின் தூக்கலும் வேறு சேரும்.

ஒரு குழுவுக்குக் கம்பியின் எழும்பல், கையிலிருந்த சோதனை அளவைவிடக் குறைவாக வந்தது. ட்ராப்பரைப் பார்க்காமல் டாம்பிங் எண்ணை, அதாவது அதிர்வு தணியும் அளவை, மாற்றி மாற்றி வரைபடக் கோட்டைப் பொருத்தினார்கள். அந்த வேகத்துக்குப் பொருந்தியது, வேகத்தை ஏற்றியதும் கலைந்தது, ஒரு செமஸ்டர் உழைப்பு போனது. ப்ரோகிராம் எந்தப் பிழையும் சொல்லாது, கோடு அழகாகவே வரும். எழும்பல் குறைவாகத் தெரிந்தால் தூணருகே கம்பியைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் ஸ்டெடி ஆர்முக்கு இடம் போதும் என்று நம்பிவிடுவீர்கள், அங்கே பாண்டோகிராப் இடித்தால் கம்பியே அறுந்து விழலாம்.

முதலில் சுயஎடையில் கம்பி நிற்கும் வடிவத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் கணக்கு முன்னேறும் ஒவ்வொரு சிறு நேரப்படியிலும் ட்ராப்பரின் இழுவிசையைப் பாருங்கள், மைனஸ் வந்தால் பூஜ்யமாக்கி அதே படியைத் திரும்பக் கணக்கிடுங்கள். அடுத்த படியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

மைனஸ் தொடுவிசை

பாண்டோகிராப்பும் கம்பியைக் கீழே இழுக்காது. மைனஸ் வந்தால் தொடர்பு விட்டுவிட்டது, தீப்பொறி பறக்கும் இடம் அது.

வடிகட்டல்

அளந்த தொடுவிசையில் 20 ஹெர்ட்சுக்கு மேலான அதிர்வுகளை வடிகட்டியிருந்தால் கணக்கிட்டதையும் அப்படியே வடிகட்டி ஒப்பிடுங்கள்.

காற்று

பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. கச்சான் காற்று வீசும் கரையில் கம்பி பக்கவாட்டிலும் ஆடும், மேல்கீழ் அசைவை மட்டும் வைத்த மாடலில் அது தெரியவே தெரியாது.

அலைவேகம்

1000 கிலோ இழுவிசையில் தொடுகம்பியில் அலை மணிக்குச் சுமார் 365 கி.மீ. ஓடும். ரயில் வேகம் அதை நெருங்கினால்தான் சிக்கல், நம் ரயில்களுக்கு அது எட்டாத வேகம், அதிலேயே நேரத்தைக் கழிக்காதீர்கள். இரண்டு பாண்டோகிராப் தூக்கிய ரயிலானால் இரண்டாவதைச் சேருங்கள், முன்னது கிளப்பிவிட்ட அதிர்வில்தான் பின்னது ஓடுகிறது.