சேரிங் கிராஸில் ஒரு சாயங்காலம்

ஊட்டிக்கு வருகிறவர்கள் பகலெல்லாம் ஏரி, பூங்கா, தொட்டபெட்டா என்று சுற்றிவிட்டு, பசித்தால் மட்டும் ஊருக்குள் இருக்கும் சேரிங் கிராஸ் சந்திப்புப் பக்கம் வருவார்கள். என்னைக் கேட்டால், ஒரு முழுச் சாயங்காலத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள். லண்டனிலும் ஒரு சேரிங் கிராஸ் உண்டு, அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே பாதி வேடிக்கை.

வண்டியில் வந்தால், ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்கும் அனுமதிச்சீட்டான இ-பாஸ் கட்டாயம். 2024 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை. வெளிநாட்டு ஃபோன் எண் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் வழியே பதிவு செய்யலாம். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே ஒரு ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலோடு பிடிபட்டால் அபராதம்.

சேரிங் கிராஸ் நீரூற்றில் ஆரம்பியுங்கள். 1881-ல் ஊட்டியிலேயே இறந்துபோன சென்னை ஆளுநர் வில்லியம் ஆடம் நினைவாக வைத்தது. முதலில் மார்க்கெட் பக்கம் இருந்ததைப் பிறகுதான் இங்கே கொண்டுவந்தார்கள். கோடையில் சென்னை அரசாங்கமே மலையேறி வந்த காலம் அது. துரைமார் வந்தால் விருந்து, நடனம், நாடகம் எல்லாம் பின்னாலேயே வரும். அவர்கள் கூடிக் களித்த அசெம்பிளி ரூம்ஸ்தான் பின்னாளில் சினிமா தியேட்டர் ஆனது. அவர்களுடைய ஊட்டி கிளப் 1841-ல் தொடங்கியது. ஜபல்பூரில் பிறந்த ஸ்னூக்கர் என்ற மேசைப் பந்தாட்டத்துக்கு 1882-ல் விதிகள் எழுதி ஒட்டியது அங்கேதான். உறுப்பினர் அழைக்காமல் உள்ளே போக முடியாது. வெளியே நின்று பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள். 1908-ல் ரயில் ஊட்டி வரை வந்தது. மலைக்கு வருவது அதற்குப் பிறகுதான் சுலபமானது.

சரி, வயிற்றுக்கு. கமர்ஷியல் ரோட்டில் சாக்லேட் கடைகள் வரிசையாக இருக்கும். ருசி பார்க்கக் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் என் ஓட்டு வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டுக்குத்தான். விறகு அடுப்பில் சுட்டது கிடைத்தால் விடாதீர்கள். கையால் உடைத்தால் ஏடு ஏடாகப் பிரியும், பாதி ஸ்வெட்டரில்தான் உதிரும். சூடான டீ ஒரு கையில் இருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை ஒன்பதரைக்குப் பிள்ளைகளோடு இறங்கி, ஷட்டர் பாதி இறங்கிய கடையில் ஆறிப்போன பரோட்டாதான் கிடைத்தது. அப்புறம், ஊருக்குக் கொண்டுபோகும் வர்க்கியைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் டொரண்டோவில் தூளாகத்தான் இறங்கும்.