முதல்முறை ஹாஸ்டலில் தங்கப் போகிறீர்களா? உங்கள் பொருள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி

என் சித்தி மகள் அடுத்த வாரம் சென்னைக்கு வேலைக்கு வருகிறாள். தரமணிப் பக்கம் ஒரு பெண்கள் விடுதி, நான்கு பேர் தங்கும் அறை. "அக்கா, என்னென்ன எடுத்துட்டு வரணும்?" என்று போனில் கேட்டாள். கொண்டுவரும் சாமான்களைப் பற்றி இரண்டு நிமிடம்தான் பேசினேன். வந்தபிறகு அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்வதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஏழு வருடத்தில் மூன்று விடுதிகளில் இருந்திருக்கிறேன். கல்லூரி விடுதி, ஆண்கள் தங்கும் மேன்ஷன், பிஜி எதுவாக இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை விடுதியில் பூட்டை உடைத்துத் திருடியது மிகக் குறைவு. குளிக்கப் போன பத்து நிமிடம், மாடியில் துணி எடுக்கப் போன ஐந்து நிமிடம், விடியற்காலையில் கதவு சாத்தாமல் தூங்கிய அரை மணி நேரம், இந்த இடைவெளிகளில்தான் பொருள் போகிறது. அதனால் கீழே வரும் படிகளில் பாதி, பழக்கம் பற்றியவை.

படி 1: ஊரிலிருந்து கிளம்பும் முன்

ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். லேப்டாப் என்றால் அதன் அடியில் இருக்கும் சீரியல் எண், போன் என்றால் ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண். போனில் *#06# என்று அழுத்தினால் அந்த 15 இலக்க எண் திரையில் வரும். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய பில், போன் டப்பா எல்லாவற்றையும் படம் எடுத்து அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் மட்டும் அந்தப் படம் இருந்தால், போன் போகும்போது அதுவும் போய்விடும்.

அசல் சான்றிதழ்களை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. அலுவலகத்தில் சரிபார்க்கக் கேட்டால் அந்த ஒரு நாளைக்கு எடுத்து வரலாம். மற்ற நாள்களுக்கு, ஆவணங்களை போனிலேயே வைத்துக்கொள்ள உதவும் அரசின் டிஜிலாக்கர் ஆப் போதும். அதில் ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. அரசுத் துறையிலிருந்தே நேரடியாக டிஜிலாக்கருக்கு வரும் ஆவணங்கள்தான் அசலுக்குச் சமம். நாமே ஸ்கேன் செய்து ஏற்றி வைத்தது வெறும் நகல்.

தங்கம் வேண்டாம். போட்டுக்கொண்டிருக்கும் கம்மல், மெல்லிய செயின் தவிர மீதியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

படி 2: விடுதியைப் பார்க்கப் போகும்போது

எல்லோரும் சாப்பாடு எப்படி, தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். கூடவே இவற்றையும் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி பீரோ உண்டா? அறைக் கதவுக்கு எத்தனை சாவி, யார் யாரிடம் இருக்கிறது? கேமரா எங்கெங்கே இருக்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும்? இரவில் வாசலில் யார் இருப்பார்கள்?

பெண்கள் விடுதி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதன்படி உரிமம் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கக் கூச்சப்படாதீர்கள். உரிமம் உள்ளவர்கள் சிரித்த முகத்தோடு காட்டுவார்கள்.

சேரும்போது ஆதார் நகல் கேட்பார்கள். முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதன் நகலில் "விடுதியில் சேர மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். அசல் அட்டையை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

படி 3: பூட்டு, அதைவிட முக்கியமாக கொண்டி

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

விடுதி பீரோவோடு வரும் சாவியை நம்பாதீர்கள். உங்களுக்கு முன் அங்கே இருந்தவர்கள் அதற்கு மாற்றுச் சாவி போட்டிருக்கலாம். ஒரே மாதிரி பீரோக்களில் ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். என் அறைத்தோழி அவசரத்தில் சாவியை மாற்றி எடுத்துப் போய்விட்டாள், அவளுடைய சாவி என் பீரோவில் அழகாகத் திரும்பியது.

அதனால் சொந்தப் பூட்டு வாங்குங்கள். வாங்கும் முன் பீரோவில் பூட்டு மாட்டும் கொண்டியின் துளையை அளந்து பாருங்கள். பெரிய பூட்டு பாதுகாப்பு என்று நினைத்து வாங்கி வந்து, வளையம் துளைக்குள் நுழையாமல் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. துளைக்குள் நுழைகிற அளவில் எது தடிமனான வளையமோ அதை எடுங்கள்.

பூட்டில் "6 லீவர்", "7 லீவர்" என்று எழுதியிருக்கும். உள்ளே அத்தனை தகடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும் என்று பொருள். எண்ணிக்கை கூடக் கூட வேறு சாவியால் திறப்பது கடினம். திண்டுக்கல் பூட்டு இந்த வகையில் பேர்பெற்றது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்று வாங்கி வரச் சொல்லலாம்.

நம்பர் பூட்டு வசதிதான், சாவி தொலையாது. ஆனால் மூன்று சக்கரம் உள்ள பூட்டில் மொத்தமே 1000 எண்கள்தான். ஒன்றுக்கு இரண்டு விநாடி என்று வைத்தாலும் எல்லாவற்றையும் முயன்று பார்க்க 35 நிமிடம்கூட ஆகாது. அறையில் யாரும் இல்லாத ஒரு மதியம் போதும். நம்பர் பூட்டுதான் வேண்டும் என்றால் நான்கு சக்கரம் உள்ளதை வாங்குங்கள், பிறந்த வருடத்தை வைக்காதீர்கள்.

சரி, நல்ல பூட்டு வாங்கியாயிற்று. இப்போது கொண்டியைப் பாருங்கள். பூட்டிய பிறகும் கொண்டியின் திருகுகள் வெளியே தெரிகின்றனவா? தெரிந்தால் ஒரு திருப்புளி போதும், பூட்டைத் தொடாமலே கொண்டியைக் கழற்றிவிடலாம். பூட்டும்போது மேல் தகடு திருகுகளை மூடிக்கொள்ளும் மாதிரி கொண்டி இரும்புக் கடையில் கிடைக்கும். வார்டனிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு பீரோவாக இருந்தால் சாதாரணத் திருகு இழுத்தாலே வந்துவிடும். பின்பக்கம் வரை போய் நட்டு போட்டு முறுக்கும் போல்ட் வைக்கச் சொல்லுங்கள்.

மாற்றுச் சாவியை அதே பீரோவுக்குள் வைக்காதீர்கள். அலுவலக மேசையிலோ ஊரிலோ இருக்கட்டும்.

டிராலி பெட்டியைப் பூட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துணிப்பெட்டியின் ஜிப்பைக் கூரான பேனாவால் பிரித்துவிட்டு, மறுபடி மூடியும் வைத்துவிட முடியும். பெட்டியில் துணி வையுங்கள், விலை உள்ளதைப் பீரோவில் வையுங்கள்.

படி 4: ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்

பர்ஸ், போன், சாவி, அடையாள அட்டை நான்கையும் ஒரே சின்னப் பையில் வையுங்கள். அறையில் இருக்கும்போது அந்தப் பை தலையணைப் பக்கம், வெளியே போனால் தோளில், குளிக்கப் போனால் பீரோவுக்குள். பணத்தை மட்டும் பிரித்துவிடுங்கள். அவசரத்துக்கு 500 ரூபாய் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

லேப்டாப்பைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சாப்பாட்டு அறைக்குப் போகும் அந்த இருபது நிமிடத்தில் எல்லா அறைகளும் காலியாக இருக்கும் என்பது வெளியாளுக்கும் தெரியும்.

பீரோவைப் பூட்டினால் அறைத்தோழிகள் தப்பாக நினைப்பார்களோ என்று எனக்கு முதல் மாதம் தயக்கமாக இருந்தது. பிறகு புரிந்தது. பூட்டாமல் விட்டு ஏதாவது போனால், சந்தேகம் முதலில் அவர்கள்மேல்தான் விழும். நான்கு பேரும் பூட்டும் அறையில் நான்கு பேரும் நிம்மதியாக இருப்பார்கள். வந்த முதல் நாளே, "நான் எப்பவும் பூட்டிட்டுத்தான் போவேன், நீங்களும் பூட்டிக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள்.

படி 5: இரவும் விடியற்காலையும்

வெயில் காலத்தில் காற்றுக்காகக் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துத் தூங்குவோம். ஜன்னலோரம் சார்ஜ் போட்ட போனை வெளியிலிருந்து ஒரு குச்சியால் இழுத்து எடுத்துவிட முடியும். நான் தங்கிய ஒரு விடுதியில், தரைத்தள அறையில் இரண்டு போன்கள் இப்படித்தான் போயின. ஜன்னலிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் போன், பர்ஸ், கைப்பை எதுவும் இருக்கக் கூடாது. சார்ஜ் போடும் இடம் ஜன்னலோரம் மட்டும்தான் என்றால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிவிடுங்கள்.

அதைவிட ஆபத்தான நேரம் காலை ஐந்திலிருந்து ஏழு. ஒருத்திக்குக் காலை ஷிப்ட், கதவைச் சும்மா சாத்திவிட்டுக் கிளம்புவாள். மற்ற மூவரும் நல்ல தூக்கத்தில் இருப்போம். பால், பேப்பர், தண்ணீர் கேன் என்று ஆள்கள் வந்துபோகும் நேரம் அது. உள்ளே நுழைகிறவரை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முதலில் கிளம்புகிறவர் இன்னொருவரை எழுப்பி உள்ளே தாழ்ப்பாள் போடச் சொல்ல வேண்டும், அல்லது வெளியே பூட்டும் சாவி ஆளுக்கொன்று இருக்க வேண்டும். எங்கள் அறையில் எழுப்புவதுதான் வழக்கம். தூக்கம் கெட்டது, ஆனால் நான்கு வருடத்தில் ஒரு பொருளும் போகவில்லை.

சாவியைச் செருப்புக்குள், மிதியடிக்கு அடியில், கதவு மேல் சட்டத்தில் வைப்பது அறவே வேண்டாம். ஊரில் எல்லா வீடுகளிலும் அங்கேதான் வைக்கிறோம்.

படி 6: போனுக்குள்ளும் ஒரு பூட்டு

போன் போனால் போன் மட்டும் போவதில்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே வரும். இதைத் தடுக்க சிம்முக்கே ஒரு பின் எண் வைக்கலாம், போன் செட்டிங்ஸில் இருக்கிறது. முதலில் இருக்கும் பின் என்ன என்று உங்கள் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். ஊகித்துப் பார்க்காதீர்கள், மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் முடங்கிவிடும்.

பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாதபடி வையுங்கள். யுபிஐ பின்னும் திரைப் பூட்டின் எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது. தொலைந்த போனைத் தேடும் வசதியை இன்றே இயக்கி, தோழியின் போனிலிருந்து ஒரு முறை தேடிப் பாருங்கள்.

படி 7: குளியலறை, மொட்டைமாடி, ஊருக்குப் போகும் நாள்

குளிக்கும்போது மோதிரத்தையும் செயினையும் கழற்றிக் குளியலறைத் திட்டில் வைக்காதீர்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால் அறையிலேயே கழற்றிப் பூட்டிவிட்டுப் போங்கள். பக்கெட், குடம், துணிகளில் பெயின்ட்டாலோ நூலாலோ ஓர் அடையாளம் போடுங்கள். துணி மாறிப்போவது திருட்டைவிட அதிகம் நடக்கும்.

பொங்கல், தீபாவளிக்கு விடுதியே காலியாகும். லேப்டாப்பைக் கூடவே எடுத்துப் போங்கள். பேருந்தில் அது மடியிலோ காலடியிலோ இருக்கட்டும், மேலே தட்டில் வேண்டாம்.

படி 8: ஏதாவது போய்விட்டால்

முதலில் தேடுங்கள், நிதானமாக. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் தளத்தில் ஒரு பெண்ணின் மோதிரம் காணவில்லை. அறை பெருக்க வரும் அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவருடைய பையைக் கொட்டிப் பார்த்தார்கள். மூன்று நாள் கழித்து அந்த மோதிரம் அதே பெண்ணின் தலையணை உறைக்குள் கிடைத்தது. அக்கா அந்த மாதத்தோடு வேலையை விட்டுப் போய்விட்டார். அவருடைய முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெட்டி, படுக்கை, துவைக்கும் துணி, அலுவலகப் பை எல்லாவற்றையும் தேடி முடிக்கும்வரை யார் பெயரையும் சொல்லாதீர்கள். முடித்த பிறகும், பெயர் சொல்வது உங்கள் வேலை இல்லை.

தேடியும் இல்லை என்றால் அன்றைக்கே வார்டனுக்கு எழுத்தில் கொடுங்கள். கேமரா பதிவை அழியாமல் எடுத்து வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். சில நாள்களில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும்.

போன் போயிருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். இன்னொரு போனிலிருந்து சிம்மை முடக்குங்கள். வங்கியை அழைத்து யுபிஐ, கார்டு இரண்டையும் நிறுத்துங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அப்புறம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். பேருந்திலோ ரயிலிலோ தொலைந்தது, எந்த எல்லை என்று தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிய பிறகு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போங்கள். புகார் நகலையும் படி 1-ல் எழுதி வைத்த ஐஎம்இஐ எண்களையும் கொடுத்தால் அந்த போனை இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாதபடி முடக்குவார்கள். விண்ணப்பித்ததும் ஒரு கோரிக்கை எண் வரும். போன் திரும்பக் கிடைத்தால் முடக்கத்தை நீக்க அந்த எண்தான் வேண்டும், அதனால் ஊரில் இருக்கும் அந்தப் பட்டியலிலேயே அதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.