மலைநாட்டு ஓணானுக்குக் காலநிலை மாறிகளைத் தெரிவுசெய்தல்

செரட்டோஃபோரா ஸ்டொடார்ட்டி என அறிவியலில் வழங்கும் கொம்பு மூக்கு ஓணான், இலங்கையின் மத்திய மலைநாட்டுக் காடுகளில் மட்டும், பெரும்பாலும் 1,200 மீற்றருக்கு மேல் வாழ்கிறது. அது வாழத்தக்க இடங்களை மாதிரியாக்கத் தொடங்குவோர், வேர்ல்ட்கிளிம் என்னும் உலகக் காலநிலைத் தரவுத்தளம் தரும் 19 உயிர்க்காலநிலை மாறிகளையும் (வெப்பநிலை, மழைவீழ்ச்சி ஆகியவற்றிலிருந்து கணித்த, எண்ணிட்ட அளவுகள்) அப்படியே மென்பொருளுக்குக் கொடுத்துவிடுகின்றனர். வரைபடம் கிடைக்கும்; ஆனால் ஓணானைக் கட்டுப்படுத்துவது எது என்பது தெரியவராது.

முதற்படி: தரவைத் திறக்குமுன் உயிரினத்தின் தேவைகளை எழுதிக்கொள்ளுங்கள். குளிர்ந்த, ஈரமான காட்டில் வாழும் இவ்வோணானுக்கு, மிகச் சூடான மாதத்தின் உச்ச வெப்பநிலையும் மிக வறண்ட மூன்று மாதங்களின் மழைவீழ்ச்சியும் பொருளுடையவை. உயரத்தைச் சேர்க்க வேண்டாம். புவி சூடேறினாலும் மலையின் உயரம் மாறாது என்பதால், எதிர்காலத்துக்கான கணிப்பை அது திரித்துவிடும்.

இரண்டாம் படி: 1970–2000 காலச் சராசரியை, ஏறத்தாழ 1 கிலோமீற்றர் கட்டங்களில் தரவிறக்கி, ஆய்வுப் பரப்புக்கு ஏற்ப வெட்டுங்கள்.

மூன்றாம் படி: இரு மாறிகள் எவ்வளவு ஒத்து மாறுகின்றன என்பதைக் காட்டும் இணைபுக் குணகத்தை முழுத் தீவுக்கும் அல்லாமல் அந்தப் பரப்புக்குள்ளேயே கணியுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் பருவங்களுக்கிடையே வெப்ப வேறுபாடு சிறிது. ஆகையால் ஆண்டுச் சராசரி, உச்சம், தாழ்வு ஆகிய வெப்ப மாறிகள் யாவும் உயரத்தையே பின்பற்றி, ஏறக்குறைய ஒரே படமாகத் தோன்றும். குணகம் 0.7ஐத் தாண்டும் சோடியில், முதற்படியில் நீங்கள் எழுதிய காரணத்துக்கு நெருக்கமானதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

நான்காம் படியே மலைநாட்டில் மிகுந்த கவனம் வேண்டுவது. மேற்குச் சரிவிலுள்ள ஹற்றன், வட்டவளைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றால் நனைந்து, சனவரி முதல் மார்ச் வரை வறள்கிறது. மலைத்தொடருக்கு அப்பால் மழை மறைவிலுள்ள பதுளையோ வடகீழ்ப் பருவக்காற்றால் நனைந்து, சூன் முதல் ஓகத்து வரை வறள்கிறது. எனவே 'மிக வறண்ட மூன்று மாதங்களின் சராசரி வெப்பநிலை' என்னும் ஒன்பதாம் மாறி, ஒரு சரிவில் ஆண்டின் தொடக்கத்தையும் மறு சரிவில் அதன் நடுப்பகுதியையும் அளக்கிறது. இரண்டும் சந்திக்குமிடத்தில், நிலத்தில் இல்லாத எல்லையொன்று வரைபடத்தில் தோன்றலாம். மழையையும் வெப்பத்தையும் கலந்து கணிக்கும் 8, 9, 18, 19 ஆகிய நான்கையும் நான் விலக்கிவிடுவேன். பதினேழாம் மாறியான வறண்ட மூன்று மாத மழைவீழ்ச்சியும் இரு சரிவுகளிலும் வெவ்வேறு மாதங்களைக் குறித்தாலும், அங்கு ஓணான் தாங்கவேண்டிய வறட்சியையே அளப்பதால் அதனை வைத்திருக்கலாம்.

இறுதிப் படி: எஞ்சிய மூன்று நான்கு மாறிகளுடன் மாதிரியை இயக்கி, ஒவ்வொன்றின் துலங்கல் வளைகோட்டையும், அதாவது அம்மாறி மாறும்போது வாழ்தகைமை எப்படி மாறுகிறது எனக் காட்டும் கோட்டையும், பாருங்கள். வெப்பம் கூடக் கூட வாழ்தகைமையும் கூடுவதாகக் கோடு காட்டினால், ஓணான் காணப்பட்ட பதிவுகளின் இட அமைவைச் சரிபார்த்த பின்னரே மேலே செல்லுங்கள்.