பாலிஃப்யூஸ் போட்ட பிறகும் போர்டு எரிவது ஏன்?

குளச்சல், முட்டம் பக்கம் வள்ளங்களில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், எல்இடி விளக்கு என்று 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சாமான்கள் கூடிக்கொண்டே போகின்றன. நடுக்கடலில் கண்ணாடி ஃப்யூஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்று, சொந்தமாகச் சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் தானாக மீளும் பாலிஃப்யூஸைப் போடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சாதா ஃப்யூஸ் இருந்த இடத்தில் இதை அப்படியே வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் கோளாறு வரும்.

மஞ்சள் நிறத்தில் சின்ன வட்டமாக, இரண்டு காலோடு இருக்கும் அதற்குள் இருப்பது கார்பன் துகள் கலந்த பிளாஸ்டிக். கரண்ட் கூடினால் சூடாகும். சூடானால் பிளாஸ்டிக் விரியும். விரிந்தால் கார்பன் துகள்களுக்குள் தொடர்பு அறுந்து மின்தடை பல ஆயிரம் மடங்கு ஏறும். இதைத்தான் ட்ரிப் ஆவது என்கிறோம்.

விரிந்தால்தான் வேலை செய்யும் என்பதைத்தான் நம்மூரில் அதிகம் மறக்கிறார்கள். உப்புக்காற்றுக்குப் பயந்து போர்டு முழுக்க எபாக்சி ஊற்றி மூடிவிடுவார்கள். இறுகிய எபாக்சிக்குள் விரிய இடம் ஏது? ட்ரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாது. சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் இறுக்கமான ஹீட் ஷ்ரிங்க் குழாயும் அப்படித்தான். எபாக்சி ஊற்றியே ஆகவேண்டும் என்றால் பாலிஃப்யூஸை மட்டும் வெளியே விடுங்கள். சில சிலிகோன் எண்ணெய்களும் கடுமையான கரைப்பான்களும் இந்தப் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். கனெக்டருக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது ரேட்டிங். 0.5 ஆம்பியர் என்று வாங்குவது, அவ்வளவு வரை ட்ரிப் ஆகாமல் தாங்கும் என்பதற்கான கணக்கு. உறுதியாக ட்ரிப் ஆவது பெரும்பாலும் அதன் இரு மடங்கான 1 ஆம்பியரில். நடுவில் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதுவும் 20, 23 டிகிரியில் எடுத்த அளவு. மத்தியான வெயிலில் வள்ளத்தில் மூடிக் கிடக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் 60 டிகிரி ஆனால் அதே 0.5 சாமான் 0.3 ஆம்பியரை ஒட்டித்தான் தாங்கும். பக்கத்திலேயே ரெகுலேட்டரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் இருந்தால் கேட்கவே வேண்டாம். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டில் வெப்பநிலை அட்டவணையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வேகத்தையும் நம்பாதீர்கள். இந்த 0.5 ஆம்பியர் வகையில் 2.5 ஆம்பியர் ஓடினாலும் ட்ரிப் ஆக 4 வினாடி வரை ஆகலாம். அதற்குள் மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), ஐசி (சிப்) எல்லாம் கதை முடிந்துவிடும். பாலிஃப்யூஸ் காப்பாற்றுவது வயரையும் போர்டின் செம்புத் தடத்தையும்தான். ஐசியைக் காக்க வேண்டுமா? மைக்ரோ வினாடிகளில் நிறுத்தும் இ-ஃப்யூஸ் ஐசி போடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பேட்டரி பக்கம் செய்யும் தவறு. டேட்டாஷீட்டில் அதிகபட்ச வோல்டேஜ், அதிகபட்ச கரண்ட் என்று இரண்டு எண் இருக்கும். நாம் பேசும் வகையில் 60 வோல்ட், 40 ஆம்பியர். வள்ளத்துப் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பாலிஃப்யூஸ் வெடித்துத் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி கார்களில் இருப்பதுபோன்ற ஒரு பிளேடு ஃப்யூஸ் கட்டாயம். பாலிஃப்யூஸ் அதற்கு அப்புறம், ஒவ்வொரு கிளை லைனிலும். இன்வெர்ட்டரின் 230 வோல்ட் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். ட்ரிப் ஆனதும் சப்ளை வோல்டேஜ் கிட்டத்தட்ட முழுவதும் அதன் மேல்தான் விழும்.

ட்ரிப் ஆனால் கரண்ட் அடியோடு நின்றுவிடும் என்ற நினைப்பும் தப்பு. சூட்டைத் தக்கவைக்க அது சுமார் 0.8 வாட் எடுத்துக்கொண்டே இருக்கும். 12 வோல்ட்டில் அது 65 மில்லி ஆம்பியர். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் பேட்டரியில் ஒன்றரை ஆம்பியர்-அவர் காலி. ஷார்ட்டைச் சரிசெய்து, சுவிட்சை அணைத்து, ஆற விட்டால்தான் மீளும். மீண்டாலும் பழைய மின்தடைக்கு உடனே வராது. புதிதில் 0.5 முதல் 0.77 ஓம் இருப்பது, ட்ரிப் ஆகி ஒரு மணி நேரம் கழித்தும் 1.17 ஓம் வரை காட்டலாம். 5 வோல்ட் லைனில் 0.4 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட அரை வோல்ட் அங்கேயே போய்விடும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் ஆரம்பகால போர்டுகளில் யுஎஸ்பி லைனில் இருந்த 140 மில்லி ஆம்பியர் பாலிஃப்யூஸ் இப்படித்தான் தொல்லை கொடுத்தது. 2012லேயே அதை எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக, சோலார் பேனல். ஒற்றைப் பேனல் லைனில் பாலிஃப்யூஸ் போட்டுப் பயனில்லை. பேனலை நேராக ஷார்ட் செய்தாலும் வழக்கமான கரண்டைவிடக் கொஞ்சம்தான் கூடும், ட்ரிப் ஆகாது. ஃப்யூஸ் வேண்டியது சார்ஜ் கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில், பேட்டரியை ஒட்டி.